கரிவரியும் கனடா மாநிலங்களின் உரிமையும்



நிலவுலகம் வெம்மையுற்று வருகின்றது என்பதில் இன்று அறிவியலார்க்கு ஐயமில்லை. நிலக்கரியையும் நில எண்ணெயையும் எரிவளியையும் தலைமுறை தலைமுறையாக எரித்து எரித்து, மாந்தன் வானிற் சேர்த்த கரிவளியே அதற்குத் தலையாய கரணியம் என்பதும் நிலைநாட்டப்பட்ட செய்தி. அதனை நிறுவுவது இவ்வுரையின் நோக்கமன்று. கரிவளியைக் குறைத்தே ஆகவேண்டும் என்று ஒப்புக்கொண்ட பின்பு எழுகின்ற வேறொரு வினாவே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. குறைக்கச் சொல்லும் கோல் எவர் கையில் இருத்தல் வேண்டும்? நாடு முழுமைக்கும் ஒன்றாய் நிற்கும் நடுவணரசின் கையிலா? மண்ணுக்கும் காட்டுக்கும் ஆற்றுக்கும் உரிய மாநிலங்களின் கையிலா?

இவ்வினாவை ஏட்டளவில் வைத்துக்கொள்ளாமல், நாடாளுமன்றத்திலும் முறைமன்றத்திலும் தேர்தற் களத்திலும் வைத்து, 2018 முதல் 2025 வரை வெளிப்படையாகப் போராடிப் பார்த்த நாடு கனடா. அப்போராட்டத்தில் இரு பக்கமும் உண்மை இருந்தது. ஆகையால்தான் அது கேட்கத் தக்கதாகின்றது.

கனடாவில் மாநிலங்கள் பத்து. 1867-ஆம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே இன்றளவும் அந்நாட்டு அரசமைப்பின் அடித்தளம். நிலமும் சுரங்கமும் கனிமமும் மாநிலங்களின் உடைமை என்று அச்சட்டம் கூறுகின்றது. ஆயினும், 1905-இல் மேற்குச் சமவெளியில் ஆல்பர்ட்டா, சசுகாட்சுவான் என்னும் இரு மாநிலங்களை உருவாக்கிய பொழுது, ஒட்டாவாவிலிருந்த நடுவணரசு அவற்றின் நிலத்தையும் கனிமத்தையும் தன் பிடியிலேயே வைத்துக்கொண்டது. மூத்த மாநிலங்களுக்கு ஒரு முறை. இளைய மாநிலங்களுக்கு வேறொரு முறை! இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1930-இல்தான் அவை தம் மண்ணுக்குத் தாமே உரியவை ஆயின. 1947-இல் ஆல்பர்ட்டாவின் இலெதுக்கு என்னுமிடத்தில் எண்ணெய் பீறிட்டது. அந்த மண்ணுரிமை மட்டும் முன்னரே கைக்கு வாராதிருந்தால், அவ்வெண்ணெய்ச் செல்வம் எங்கே போயிருக்கும்? இவ்வினாவை அம்மாநிலத்தார் மறந்ததில்லை.

மறக்க ஒட்டாவா விடவும் இல்லை. 1980-இல், பியேர் துரூடோ தலைமையமைச்சராக இருந்த பொழுது, நாட்டு ஆற்றல் திட்டம் ஒன்று கொணரப்பட்டது. உள்நாட்டு எண்ணெய் விலையை உலக விலைக்குக் கீழே அழுத்தி வைத்து, எண்ணெய் வருவாயில் நடுவணரசின் பங்கை உயர்த்திய திட்டம் அது. ஆல்பர்ட்டா முதலமைச்சர் பீட்டர் இலாகீடு எண்ணெய் எடுப்பையே குறைத்து அதற்கு விடையிறுத்தார். 1985-இல் திட்டம் கைவிடப்பட்டது, கசப்பு கைவிடப்படவில்லை. 2018-இல் கரிவரிச் சட்டத்தைக் கொணர்ந்த தலைமையமைச்சர் அந்தப் பியேர் துரூடோவின் மகன் சசுட்டின் துரூடோ! தந்தை எண்ணெயிற் கைவைத்தார். மகன் அதன் புகையிற் கைவைக்கின்றார் என்று சமவெளி மக்கள் எண்ணியதில் வியப்பென்ன?

எனினும் மறுபக்கத்தையும் எடையிடல் வேண்டும். உலகம் வெம்மையுறும் விரைவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரைவில் கனடா வெம்மையுறுகின்றது என்பது அந்நாட்டு அறிவியலார் 2019-இல் வெளியிட்ட முடிபு. 2016 மே திங்களில், ஆல்பர்ட்டாவின் எண்ணெய்மணற் சுரங்கங்களுக்கு நடுவிலுள்ள போர்ட்டு மெக்மரி நகரைக் காட்டுத்தீ சூழ்ந்தது; எண்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுவாசலை விட்டு ஓடினர். எண்ணெய் தந்த ஊரே எரிந்தது! 2021 சூன் 29-இல், பிரித்தானியக் கொலம்பியாவின் இலிட்டன் என்னும் சிற்றூரில் வெப்பம் 49.6 பாகையைத் தொட்டது. பனிநாடு என்று பாடநூல்கள் கூறும் கனடாவில் வேலூர் வெயிலையும் விஞ்சிய வெயில்! மறுநாள் அவ்வூரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. 2023-இல் அந்நாட்டில் எரிந்த காடு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி எக்டேர்.

இவ்வளவுக்கும் அந்நாடு வாக்குறுதி கொடுக்காமல் இருந்ததில்லை. கியோட்டோ உடன்படிக்கையை 2002-இல் ஏற்றது. 2011-இல் அதிலிருந்து விலகுவதாக அறிவித்தது. 2005 முதல் 2016 வரையிலான கணக்கைப் பாருங்கள். நாடு முழுமையிலும் கரிவளி குறைந்தது 3.8 விழுக்காடு மட்டுமே. ஒண்டாரியோ மாநிலம் நிலக்கரி மின்னிலையங்களை 2014-க்குள் அறவே மூடி, 22 விழுக்காடு குறைத்தது. கியூபெக்கு 11 விழுக்காடு குறைத்தது. அதே காலத்தில் ஆல்பர்ட்டா 14 விழுக்காடு கூட்டியது. சசுகாட்சுவானும் 10 விழுக்காட்டுக்கு மேற் கூட்டியது. ஒருவர் அணைத்த அடுப்பை மற்றொருவர் மூட்டினார். காற்றுக்கு மாநில எல்லை ஏது? ஆகவே, 'எல்லாரையும் ஓர் ஒழுங்குக்குள் கொணர நடுவணரசு வேண்டும்' என்றவர் கூற்றை வெறும் ஆட்சிவேட்கை என்று தள்ளிவிட முடியாது.

2018 சூன் திங்களில் நிறைவேறிய சட்டத்தின் அமைப்பு இது: கரிவளிக்கு விலை வைக்கும் முறை ஒன்றை ஒவ்வொரு மாநிலமும் தானே அமைத்துக்கொள்ளலாம். ஒட்டாவா வகுத்த கீழெல்லையை அம்முறை எட்டுமாயின் நடுவணரசு தலையிடாது. எட்டாவிடின் நடுவணரசின் கட்டணம் அம்மாநிலத்தில் நேரே பாயும். பெருந்தொழிலகங்களுக்குத் தனிமுறை, மக்கள் வாங்கும் எரிபொருளுக்குத் தனிமுறை. 2019 ஏப்பிரல் 1 முதல், ஒண்டாரியோ, மானிட்டோபா, சசுகாட்சுவான், நியூ பிரன்சுவிக்கு ஆகிய நான்கு மாநிலங்களில் கட்டணம் பாய்ந்தது. தொன்னுக்கு 20 தாலர். அஃதாவது, வண்டிக்கு ஊற்றும் எரிநெய் இலிட்டருக்கு ஏறத்தாழ நாலரைக் காசு. படிப்படியாக ஏறி 2022-இல் 50 தாலரும் 2024-இல் 80 தாலரும் ஆயிற்று.

தண்டிய பணத்தை நடுவணரசு விழுங்கிவிடவில்லை. ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அந்தந்த மாநிலத்துக் குடும்பங்களுக்கே திருப்பித் தரப்பட்டது. முதலாண்டில் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஒண்டாரியோவில் 307 தாலர். சசுகாட்சுவானில் 609 தாலர். செல்வர் வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் ஒரே அளவு. ஆகவே, குறைவாக எரிப்பவர்க்குக் கையில் மிஞ்சும். நல்ல ஏற்பாடுதான்! ஆனால், கொடுப்பது ஒவ்வொரு முறை வண்டிக்கு எரிநெய் ஊற்றும் பொழுதும் கண்ணை உறுத்தியது. பெற்றதோ முதற்சில ஆண்டுகள் ஆண்டுக்கொரு முறை வருமானவரிக் கணக்கின் ஒரு மூலையில் வந்து மறைந்தது. இது வரியே அன்று, நடத்தையைத் திருத்துதற்கான கட்டணம் என்று உச்ச முறைமன்றம் பின்னர் விளக்கியது. மக்கள் நாவில் அது வரியென்றே நின்றது. பெயரிடும் உரிமை எப்பொழுதும் மக்களிடமே இருக்கின்றது போலும்!

மாநிலங்கள் வழக்குக்குச் சென்றன. சசுகாட்சுவான் மேல்முறையீட்டு மன்றம் 2019 மே திங்களில் மூவருக்கு இருவராகச் சட்டம் செல்லும் என்றது. ஒண்டாரியோ மன்றம் சூன் திங்களில் நால்வருக்கு ஒருவராக அவ்வாறே தீர்த்தது. ஆல்பர்ட்டா மன்றமோ 2020 பிப்ரவரியில் நால்வருக்கு ஒருவராகச் சட்டம் செல்லாது என்றது. இறுதியில் 2021 மார்ச்சு 25 அன்று உச்ச முறைமன்றம் அறுவருக்கு மூவராகச் சட்டத்தை நிலைநிறுத்தியது. தலைமை நடுவர் இரிச்சர்டு வாக்னர் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: நாட்டின் அமைதி, ஒழுங்கு, நல்லாட்சி ஆகியவற்றுக்காகச் சட்டமியற்றும் பொதுவுரிமை நடுவணரசுக்கு உண்டு, ஒரு மாநிலம் ஒதுங்கி நின்றாலும் மற்ற மாநிலங்களுக்குப் பெருங்கேடு விளையுமாயின், மாநிலங்கள் தாமாகச் சேர்ந்து அதனைத் தீர்க்க இயலாதாயின், அப்பொருள் நாடு தழுவிய பொருளாகும், ஆயினும் நடுவணரசு வைக்கக்கூடியது கீழெல்லை மட்டுமே.

இவ்வழக்கில் கியூபெக்கு எங்கே நின்றது என்பதே தமிழர் ஊன்றி நோக்கத்தக்கது.

கியூபெக்கு பிரெஞ்சு மொழியினரின் மாநிலம். 1977-இல் பிரெஞ்சு மொழிச் சட்டத்தை இயற்றித் தன் மொழியை ஆட்சியிலும் தொழிலிலும் கல்வியிலும் அரியணை ஏற்றிய மாநிலம். அம்மொழிச் சட்டத்தின் காலத்து முதலமைச்சர் இரெனே இலெவெக்கு. அவரே அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், இயற்கை வள அமைச்சராக இருந்து, தனியார் கையிலிருந்த மின்னாற்றல் நிறுவனங்களை மாநிலத்தின் பொதுவுடைமையாக்க முன்னின்றவர். 1962-ஆம் ஆண்டுத் தேர்தலே அவ்வொரு கேள்வியின்மேல் நடந்தது. வீட்டுக்கு நாமே தலைவர் என்னும் கருத்தே அன்றைய முழக்கம். மொழியுரிமையும் ஆற்றுரிமையும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இன்று அம்மாநிலத்தின் மின்னாற்றல் பெரும்பாலும் நீரிலிருந்தே கிடைக்கின்றது.

கரிவளிக்கு விலை வைப்பதிலும் கியூபெக்கு ஒட்டாவாவுக்காகக் காத்திருக்கவில்லை. 2013-லேயே தொழிலகங்களின் புகைக்கு மொத்த எல்லை வகுத்து, அந்த எல்லைக்குட்பட்ட ஒப்போலைகளை ஏலத்தில் விற்கும் முறையைத் தொடங்கிவிட்டது. 2014-இல் அதனை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சந்தையுடன் இணைத்தது. ஒரு நாட்டின் மாநிலம் வேறொரு நாட்டின் மாநிலத்தோடு கைகோத்தது. இடையில் நடுவணரசின் கட்டளை இல்லை!

ஆகவே 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கியூபெக்குக்கு உடனடியாக ஒரு காசு இழப்பும் இல்லை; அதன் முறை கீழெல்லையை எட்டியிருந்தது. அப்படியிருந்தும் கியூபெக்கு உச்ச முறைமன்றத்திற்குச் சென்று, எண்ணெய் மாநிலங்களின் பக்கம் நின்று, சட்டத்தை எதிர்த்தது. பிரித்தானியக் கொலம்பியாவும் 2008 முதல் தனக்கெனக் கரிவரி வைத்திருந்த மாநிலமே. அது நடுவணரசின் பக்கம் நின்றது. கியூபெக்கு ஏன் எதிர்த்தது? கரிவளியைக் குறைப்பதில் விருப்பமின்மையாலா? எண்ணெய் முதலாளிகளின்மேற் கொண்ட பரிவாலா? இல்லை. இன்று 'உன் முறை போதும்' என்று சொல்லும் உரிமையை ஒட்டாவாவுக்குக் கொடுத்தால், நாளை 'போதாது' என்று சொல்லும் உரிமையும் அதனோடு போய்விடுகின்றது. நோக்கத்தை ஏற்றலும் கோலை ஒப்படைத்தலும் வேறு வேறு என்று, வேறுபட்ட இரண்டையும் ஒரே நேரத்திற் பிடித்துக்கொண்டு நின்றது அம்மாநிலம். ஆல்பர்ட்டாவின் எதிர்ப்பில் எண்ணெய் மணந்தது. கியூபெக்கின் எதிர்ப்பில் உரிமை மட்டுமே மணந்தது.

மாறுபட்ட நடுவர் மூவரின் உரைகளும் பயிலத் தக்கவை. நடுவணரசு விரும்பும் வகையில் நடக்கும் வரையில்தான் மாநிலத்துக்கு உரிமை என்றால், அது கண்காணியின் கீழ் வேலை செய்வதாகுமேயன்றிக் கூட்டாட்சியாகாது என்னும் கருத்துப்பட எழுதினார் பிரௌன். உரோ என்பவரும் அவ்வழியே நின்றார். மூன்றாமவரான சூசான் கோட்டே கியூபெக்கைச் சேர்ந்த அம்மையார். அவர் கூறியது வேறு. கரிவிலையின் கீழெல்லை நாடு தழுவிய பொருளாகலாம் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால், எந்த எரிபொருள், எந்தத் தொழில், எந்த மாநிலம் என்பவற்றையெல்லாம் நாடாளுமன்றம் வரையறுக்காமல் அமைச்சரவையின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. சட்டத்தையே திருத்தும் உரிமையையும் அமைச்சரவைக்குக் கொடுத்துவிட்டது என்று குற்றங்கண்டார். தம் அறிவிப்பே சட்டமாகும் என்று 16-ஆம் நூற்றாண்டில் ஆணைபெற்ற ஆங்கில மன்னர் எட்டாம் என்றியின் பெயரால் அத்தகைய பிரிவுகளைச் சட்டவறிஞர் குறிப்பர். நடுவணரசுக்கும் மாநிலத்துக்கும் இடையிலுள்ள வழக்கு ஒன்று. அமைச்சரவைக்கும் மக்கள் மன்றத்துக்கும் இடையிலுள்ள வழக்கு மற்றொன்று. இரண்டாவதை மற்றவர்கள் கருதிய அளவு எளிதாகக் கருதாதவர் அவ்வம்மையாரே.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு. பன்னாட்டு உடன்படிக்கையில் கையொப்பமிட்டதைக் காட்டி மாநில உரிமைக்குள் நுழைய முடியாது என்று கனடாவுக்கு 1937-லேயே இலண்டன் பிரிவி மன்றம் தீர்ப்பளித்தது. நாடென்னும் கப்பல் எந்தப் பெருங்கடலில் ஓடினும் அதன் நீர்புகா அறைகள் அறைகளாகவே இருத்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் உவமை. இந்திய ஒன்றியத்திலோ நிலைமை தலைகீழ். அரசமைப்புச் சட்டத்தின் 253-ஆம் பிரிவுப்படி, பன்னாட்டு உடன்படிக்கையையோ மாநாட்டு முடிவையோ நிறைவேற்ற, மாநிலப் பட்டியலிலுள்ள பொருளின்மேலும் நாடாளுமன்றம் சட்டமியற்றலாம். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்துக்கு, 252-ஆம் பிரிவுப்படி மாநிலச் சட்டமன்றங்களின் தீர்மானம் வேண்டியிருந்தது. 1981-ஆம் ஆண்டுக் காற்று மாசுச் சட்டத்துக்கு அது வேண்டப்படவில்லை. 1972-இல் சுட்டாக்கோமில் நடந்த மாநாட்டைக் காட்டி 253-ஆம் பிரிவின் வழியே அது வந்தது. 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழற் சட்டமும் அவ்வாறே. போபாலில் நச்சுவளி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபின் வந்த சட்டத்தை வேண்டாத சட்டம் என்று எவரும் கூறார். மாநிலங்களைக் கேட்கும் வாயில் ஒன்று இருக்கவும், கேளாத வாயில் வழியே அது நுழைந்தது என்பதே கருதத் தக்கது. கனடாவில் ஏழாண்டு நடந்த வழக்கு இங்கு எழவே இடமில்லை.

கனடாவுக்கே மீள்வோம். கியூபெக்கைப் புகழும் நேரத்தில் கிரீ மக்களை மறத்தல் அறமாகாது. 1971-இல் கியூபெக்கு அரசு சேம்சு விரிகுடாவிற் பாயும் ஆறுகளில் மாபெரும் அணைத்திட்டத்தை அறிவித்த பொழுது, அம்மண்ணில் வழிவழி வாழ்ந்த கிரீ, இனுவிட்டு மக்களை ஒரு சொல் கேட்கவில்லை. அவர்கள் வழக்குமன்றம் ஏறிய பின்னரே 1975-இல் உடன்படிக்கை உண்டாயிற்று. வீட்டுக்குத் தலைவர் தாமே என்று முழங்கியவர்கள், அதே வீட்டின் முதற்குடியினரைக் கேளாமல் அவர்தம் காட்டை நீரில் ஆழ்த்தினர்! கரிவரி வழக்கிலும், எண்ணெய்மணற் சுரங்கங்களை அடுத்து வாழும் அத்தபாசுக்கா சிப்பவயான் மக்கள் ஆல்பர்ட்டாவின் பக்கம் நிற்கவில்லை. நடுவண் சட்டத்தின் பக்கமே நின்றனர். மாநில உரிமை பேசுவோர்க்கு இஃது உவப்பான செய்தியன்று. ஆயினும் சொல்லியே ஆகவேண்டிய செய்தி.

முறைமன்றத்தில் வென்ற சட்டம் பின் எவ்வாறு வீழ்ந்தது? 2023 அக்தோபர் 13 அன்று அதே உச்ச முறைமன்றம், அதே தலைமை நடுவரின் எழுத்தால், பெருந்திட்டங்களை மதிப்பிடும் மற்றொரு நடுவண் சட்டத்தின் பெரும்பகுதி எல்லை மீறியது என்று ஐவருக்கு இருவராகத் தீர்த்தது. அடுத்த இரு கிழமைக்குள் சசுட்டின் துரூடோவே தம் கரிவரியின் அடிமரத்தை வெட்டினார். வீடு சூடேற்றும் எண்ணெய்க்கு மட்டும் மூன்றாண்டு விலக்கு என்று அவர் அறிவித்தார். அவ்வெண்ணெயை மிகுதியாகப் பயன்படுத்துவது ஆளுங்கட்சிக்கு உறுப்பினர் நிறைந்த அட்லாண்டிக்குக் கரை மாநிலங்கள். சமவெளி வீடுகளோ இயற்கை எரிவளியால் சூடேறுபவை, அவற்றுக்கு விலக்கில்லை. நடுவண் அமைச்சர் ஒருவர், சமவெளியார் ஆளுங்கட்சியினரை மிகுதியாகத் தேர்ந்தெடுத்தால் அவர்க்கும் குரலுண்டு என்னும் பொருள்படப் பேசியும் விட்டார். எல்லாருக்கும் ஒரே ஒழுங்கு என்பதற்காகவே நடுவணரசுக்குக் கோல் தரப்பட்டது. அந்தக் கோலே ஒருபாற் கோடியது! சசுகாட்சுவான் முதலமைச்சர் சுகாட்டு மோ, 2024 சனவரி முதல் வீட்டு எரிவளிக்குக் கட்டணம் தண்டுவதையே நிறுத்திவிட்டார்.

எதிர்க்கட்சித் தலைவர் பியேர் புவாலியேவர் வரியை வெட்டுக என்னும் ஒற்றை முழக்கத்தை நாடெங்கும் கொண்டு சென்றார். 2025 மார்ச்சு 14 அன்று துரூடோவின் இடத்துக்கு வந்த மார்க்கு கார்னி, பொறுப்பேற்ற அன்றே மக்கள் மீதான கட்டணத்தைச் சுழியாக்கும் ஆணையிற் கையொப்பமிட்டார். ஏப்பிரல் 1 அன்று அது மறைந்தது. பெருந்தொழிலகங்களுக்கான விலை மட்டும் எஞ்சியது. பிரித்தானியக் கொலம்பியாவும் தான் 2008-இல் தானே நட்ட கரிவரியை அதே நாளில் மக்களிடமிருந்து நீக்கிக்கொண்டது. வீட்டுத் தோட்டத்தில் முளைத்த கொடிதான். ஒட்டாவாவின் கொம்பிற் கட்டப்பட்டமையால் கொம்பு சாய்ந்த அன்று அதுவும் சாய்ந்தது. கியூபெக்கின் ஏலச்சந்தை அவ்வீழ்ச்சியில் வீழவில்லை.

2025 நவம்பர் 27 அன்று கார்னியும் ஆல்பர்ட்டா முதலமைச்சர் தானியேல் சுமித்தும் ஓர் உடன்பாட்டிற் கையொப்பமிட்டனர். பெருந்தொழிலகங்களின் கரிவிலையை உயர்த்த ஆல்பர்ட்டா இசைந்தது. ஆல்பர்ட்டாவிலிருந்து பசிபிக்குக் கரைக்கு எண்ணெய்க் குழாய் அமைக்கும் முயற்சிக்கு ஒட்டாவா இசைந்தது. கியூபெக்கைச் சேர்ந்தவரும் முன்னாள் சுற்றுச்சூழல் அமைச்சருமான இசுட்டீவன் கில்போ அன்றே அமைச்சரவையை விட்டு வெளியேறினார். அக்குழாய் சென்று சேரவேண்டிய கரை பிரித்தானியக் கொலம்பியாவின் கரை. கையொப்பமிடும் மேசையில் அம்மாநிலத்துக்கு இருக்கை இல்லை. கடலோரப் பழங்குடியினருக்கும் இல்லை.